குதிரையோடு பேசியவர்

நுழையும்முன்

இழந்ததை மீட்டெடுப்பது ஒரு வகை வெற்றி. இழந்தது இனி மீளாது என்று உறுதியாகத் தெரிந்தபின், எஞ்சியிருப்பதைக் கொண்டு அதே பணியைச் செய்து முடிப்பது மற்றொரு வகை வெற்றி. முதல் வகைக்கு முயற்சி வேண்டும். இரண்டாம் வகைக்கு முயற்சியோடு, பழைய வழியைக் கைவிட்டுப் புதிய வழியைக் காணும் அறிவும் வேண்டும். கால்களின் வலிமையை நோய்க்குப் பறிகொடுத்தபின், கால்களையே பெரிதும் நம்பியிருக்கும் ஒரு விளையாட்டில் உலக அரங்கேறி நின்ற பெண்மணி ஒருவரின் வரலாறு இது.

வளைந்து ஏறும் வழி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் வண்டி, தான் வந்த திசையையே மீண்டும் நோக்கித் திரும்புகிறது. புதிதாகச் செல்பவருக்கு, வந்த வழியே திரும்பிப் போகிறோமோ என்ற ஐயம் எழும். ஆனால், கீழே எட்டிப் பார்த்தால் சற்றுமுன் கடந்த சாலை தாழ்வில் கிடப்பது தெரியும். சேர்வராயன் மலையின் சரிவில் நேராக ஏற வழியில்லை. வளைந்து வளைந்து ஏறியே 1500 மீட்டர் உயரத்தை எட்ட வேண்டும்.

மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன்பு இம்மலைக்குக் குதிரையிலும் பல்லக்கிலும் சென்றனர். மலையேறும் குதிரையின் மீது அமர்ந்திருப்பவர், ஏற்றத்தில் சற்றே முன்சாய்ந்தும் இறக்கத்தில் நிமிர்ந்தும் தம் உடலின் எடையை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆயினும் முதுகின் மேலுள்ள எடை எப்பக்கம் நகர்கிறது என்பதைக் குதிரை உணர்ந்துகொள்கிறது. மனிதருக்கும் குதிரைக்கும் இடையிலான இந்த ஓசையற்ற உரையாடலை நுண்கலையாக வளர்த்தெடுத்தால் கிடைப்பதே டிரஸ்ஸாஜ் என்னும் குதிரையேற்றப் போட்டி. அந்தக் கலையில் உலகின் கவனத்தைத் தம்பால் ஈர்த்தவர் லிஸ் ஹார்டெல்.

குதிரைகளோடு வளர்ந்த இளமை

லிஸ் ஹார்டெல் பிறந்த டென்மார்க், தமிழருக்கு முற்றிலும் அயலான நாடன்று. 1620ஆம் ஆண்டு தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் இசைவு பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பியவர்கள் டேனியர்களே. 1845ஆம் ஆண்டு ஆங்கிலேயரிடம் விற்றுச் செல்லும்வரை அவ்வூர் அவர்களது ஆளுகையில் இருந்தது. அந்நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனை அடுத்த ஹெல்லெரூப் என்னும் ஊரில், 1921ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் லிஸ் ஹோல்ஸ்ட் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குதிரைகளோடு பழகத் தொடங்கிய அவர், பின்னர் குன்னர் ஆண்டர்சன் என்னும் பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றார். ஃபின் ஹார்டெல் என்பவரை மணந்தபின் லிஸ் ஹார்டெல் ஆனார்.

அவருடைய இளமைக்காலம் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த காலம். 1940ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றின. ஒலிம்பிக் போட்டிகள் 1940, 1944 ஆகிய இரு ஆண்டுகளிலும் நடைபெறவில்லை. அந்நிலையிலும் உள்நாட்டில் போட்டிகள் நடந்தன. 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் லிஸ் ஹார்டெல் டென்மார்க்கின் டிரஸ்ஸாஜ் வாகையராக விளங்கினார். அப்போது அவருக்கு வயது 23. ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகி, இரண்டாம் குழந்தையைக் கருவில் சுமந்திருந்தார்.

டிரஸ்ஸாஜ் என்னும் கலை

டிரஸ்ஸாஜ் என்பது பயிற்றுவித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இப்போட்டியில் விரைவுக்கு இடமில்லை. தடை தாண்டுதலும் இல்லை. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வக வடிவ மணற்களத்தில் ஒரு நேரத்தில் ஒரு குதிரை மட்டுமே நுழையும். களத்தின் ஓரங்களில் எழுத்துகள் பொறித்த பலகைகள் நிற்கும். எந்த எழுத்துக்கு நேராக எந்த அசைவைச் செய்ய வேண்டும் என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கும். நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் என்னும் மூன்று கதிகளிலும் குதிரை சீராக இயங்க வேண்டும். நின்ற இடத்திலேயே தாளம் பிசகாமல் துள்ளோட்டமிடுவது, முன்னோக்கிச் செல்லும்போதே பக்கவாட்டிலும் நகர்வது, பாய்ச்சலின் இடையே முன்செல்லும் காலை மாற்றுவது, பின்னங்கால்களை அச்சாகக் கொண்டு சுழல்வது எனக் கடினமான அசைவுகள் பலவுண்டு. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் பூச்சியம் முதல் 10 வரை மதிப்பெண் இடுவர்.

இத்தனை அசைவுகளையும் குதிரை தானே விரும்பிச் செய்வதுபோல் தோன்ற வேண்டும். ஏறியிருப்பவர் ஆணையிடுவது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க நாட்டில் வாழ்ந்த செனபோன், குதிரையேற்றம் குறித்துத் தனிநூல் எழுதினார். அடித்தும் அச்சுறுத்தியும் குதிரையிடம் பெறும் அசைவில் அழகு இராது என்பது அவர் கொள்கை. டிரஸ்ஸாஜின் அடிப்படையும் அதுவே. தமிழ் இலக்கிய மரபிலும் குதிரைக்குத் தனியிடம் உண்டு. போர்க்களத்தில் குதிரையின் ஆற்றலைப் பாடுவதற்கென்றே புறத்திணையில் குதிரைமறம் என்னும் துறை வகுக்கப்பட்டுள்ளது. ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து நிறுத்தும் வழக்கத்தை இன்றும் காண்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத ஆணைகள் குதிரையை எவ்வாறு சென்றடைகின்றன? கடிவாள வாரைப் பிடித்திருக்கும் கைகளின் மெல்லிய அழுத்தம் ஒன்று. சேணத்தில் அமர்ந்திருக்கும் உடலின் எடை மற்றொன்று. இவற்றினும் முதன்மையானவை ஏறியிருப்பவரின் கால்கள். குதிரையின் விலாவை ஒட்டியிருக்கும் கெண்டைக்கால், சற்று முன்னே அழுத்தினால் ஒரு பொருள். சற்றுப் பின்னே அழுத்தினால் வேறொரு பொருள். முன்செல், பக்கம் நகர், கதியை மாற்று, வளைந்து திரும்பு என்பனவற்றையெல்லாம் குதிரை பெரும்பாலும் காலின் வழியாகவே அறிந்துகொள்கிறது. கால்கள் இல்லாமல் டிரஸ்ஸாஜ் ஆடுவது, விரல்கள் இல்லாமல் வீணை மீட்டுவதற்கு ஒப்பானது என்றே அக்காலத்தவர் எண்ணியிருப்பர்.

1944 செப்டம்பர்

1944ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லிஸ் ஹார்டெல் நோய்வாய்ப்பட்டார். இளம்பிள்ளைவாதம் என்று தமிழில் வழங்கும் போலியோ நோய் அவரைத் தாக்கியிருந்தது. தண்டுவடத்திலிருந்து தசைகளுக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்பணுக்களை அந்நோயின் நுண்கிருமி அழித்துவிடுகிறது. ஆணை வாராத தசை, நாளடைவில் மெலிந்து தளர்ந்துபோகிறது. குழந்தைகளையே மிகுதியும் தாக்கியதால் இளம்பிள்ளைவாதம் என்று பெயர் பெற்றாலும், வளர்ந்தவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. அதனைத் தடுக்கும் மருந்து அப்போது உலகில் எங்கும் இல்லை. ஜோனஸ் சால்க் கண்டறிந்த தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 1955ஆம் ஆண்டில்தான்.

நோய் அவருடைய கால்களை மட்டுமன்றிக் கைகளையும் செயலிழக்கச் செய்தது. நாட்டின் வாகையராக விளங்கியவர் படுக்கையில் தம் கையைத் தூக்கவும் இயலாதவர் ஆனார். தம்மைப் பற்றிய கவலையோடு கருவிலிருந்த குழந்தையைப் பற்றிய கவலையும் அவரைச் சூழ்ந்தது. அவ்விருளில் ஓர் ஒளிக்கீற்றாக, இரண்டாம் மகள் நலமுடன் பிறந்தாள். ஊன்றுகோல்களின் துணையோடு நடப்பதே இனி அவரால் இயலக்கூடியது என்று மருத்துவர்கள் கருதினர். குதிரையேற்றத்தை மறந்துவிடுவதே அறிவுடைமை என்பது பலரின் எண்ணமாக இருந்தது.

லிஸ் ஹார்டெல் உடற்பயிற்சியைத் தொடங்கினார். முதலில் கையை உயர்த்தக் கற்றார். பின்னர்க் குழந்தையைப் போலத் தவழக் கற்றார். அதன்பின் ஊன்றுகோல்களைப் பற்றிக்கொண்டு நிற்கவும் நடக்கவும் கற்றார். வீட்டில் ஒரு குழந்தை தவழப் பழகும் காலத்தில், அதன் தாயும் தவழப் பழகினார் என்பதை எண்ணிப் பார்த்தால் அவர் மேற்கொண்ட பயிற்சியின் அருமை விளங்கும். தாயும் கணவரும் உடனிருந்து உதவினர். தொடைத் தசைகளில் ஓரளவு வலிமை திரும்பியது. ஆனால், முழங்காலுக்குக் கீழே உணர்த்தும் ஆணை எதுவும் சென்று சேரவில்லை. எவ்வளவு முயன்றும் அந்த வலிமை வாழ்நாள் இறுதிவரை மீளவே இல்லை.

எடையே மொழியாக

நடக்கவே ஊன்றுகோல் தேவைப்பட்ட நிலையில் அவர் மீண்டும் குதிரையேறத் துணிந்தார். குதிரையின் மீது அவரைத் தூக்கி அமர்த்தவும், மீண்டும் தூக்கி இறக்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. கால்களால் பற்றிக்கொள்ள இயலாத நிலையில், அசையும் குதிரையின் மீது நிலைகொண்டு அமர்வதே முதலில் பெரும்பாடாக இருந்தது.

இங்கேதான் அவருடைய உறுதியினும் மேலான ஒன்றை நாம் காண்கிறோம். இழந்த கால்களைக் கொண்டு பழைய முறையில் குதிரையைச் செலுத்த அவர் முயன்றுகொண்டேயிருந்தால், அம்முயற்சி தோல்வியிலேயே முடிந்திருக்கும். மருத்துவர்கள் கூறிய உண்மையை அவர் மறுக்கவில்லை. கெண்டைக்கால் இனிப் பயன்படாது என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால், குதிரையோடு பேச அது ஒன்றே வழி என்பதை மட்டும் ஏற்க மறுத்தார். தம்மிடம் எஞ்சியிருந்தவை யாவை என்று எண்ணினார். முதுகு இருந்தது, இடுப்பு இருந்தது, தொடையில் ஓரளவு வலிமை இருந்தது, சேணத்தின் மீது அழுந்தும் எடையை விரும்பிய பக்கம் நகர்த்தும் திறன் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரையின் மனத்தை அறியும் பழக்கம் இருந்தது. இவற்றைக் கொண்டே ஒரு மொழியை உருவாக்க முடிவு செய்தார்.

அம்மொழியை அவர் மட்டும் கற்றால் போதாது. குதிரையும் கற்க வேண்டும். ஜூபிலி என்னும் குதிரை அந்தப் பணியில் அவருக்குத் துணையாயிற்று. விலாவில் காலின் அழுத்தம் வரும் என்று காத்திராமல், முதுகின் மேலுள்ள எடையின் நுண்ணிய மாற்றத்தை உணர்ந்து அதற்கேற்ப இயங்க ஜூபிலி பழக்கப்பட்டது. குதிரையின் தோல் மிகவும் நுட்பமானது. ஈயொன்று அமர்ந்தாலும் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த இயல்பே லிஸ் ஹார்டெலுக்குக் கைகொடுத்தது. ஒரே அசைவு பன்முறை திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது. எந்தச் சாய்வு எந்தக் கதியைக் குறிக்கும் என்பதில் இருவருக்கும் இடையே உடன்பாடு வளர்ந்தது. ஆணையிடுபவர், ஆணைக்குப் பணிவது என்ற உறவு மாறி, ஒருவரையொருவர் நம்பியிருக்கும் நட்பு அங்கே உருவாயிற்று. தவறி விழுந்தால் தாமாக எழ இயலாத ஒருவர், தம் உடலையும் உயிரையும் ஒரு விலங்கின் பொறுப்பில் விடுவதற்கு எத்தகைய நம்பிக்கை வேண்டும்!

நோயுற்று மூன்று ஆண்டுகள் கடந்த நிலையில், 1947ஆம் ஆண்டு நடைபெற்ற ஸ்காண்டிநேவிய வாகையர் போட்டியில் அவர் பங்கேற்று இரண்டாம் இடம் பெற்றார்.

அடைபட்டிருந்த வாயில்

போட்டிக்குத் திரும்பிய லிஸ் ஹார்டெலின் முன்னே, நோயால் விளையாத தடை ஒன்றும் நின்றது. 1948ஆம் ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபோது, டிரஸ்ஸாஜில் பெண்கள் பங்கேற்க விதிகள் இடந்தரவில்லை. குதிரைப்படையின் மரபில் வளர்ந்த அவ்விளையாட்டு, பெரும்பாலும் படை அதிகாரிகளின் களமாகவே இருந்துவந்தது. தசைகளின் தளர்ச்சியை உழைப்பால் ஈடுசெய்யலாம். பெண்ணாகப் பிறந்ததனால் மறுக்கப்படும் வாய்ப்பை எந்த உழைப்பால் ஈடுசெய்வது? விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பயிற்சியை நிறுத்தாமல் காத்திருந்தார்.

தெரிந்து தெளிவோம்

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் அணிப்பிரிவில் சுவீடன் தங்கம் வென்றது. அவ்வணியைச் சேர்ந்த கென்னால் பெர்சன், உரிய தகுதியுள்ள படை அதிகாரி அல்லர் என்பது பின்னர்த் தெரியவந்ததால், 1949ஆம் ஆண்டு அப்பதக்கம் பறிக்கப்பட்டுப் பிரான்சுக்கு வழங்கப்பட்டது. திறமையை விடுத்துப் பதவியை அளவுகோலாகக் கொண்ட அவ்விதி அதன்பின் கைவிடப்பட்டது. 1952, 1956 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற சுவீடன் அணியில் அதே பெர்சன் இடம்பெற்றார்.

ஹெல்சிங்கி, 1952

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் 1952ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில்தான் டிரஸ்ஸாஜின் வாயில் பெண்களுக்கும் திறந்தது. ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனித்தனிப் பிரிவுகள் இல்லை; ஒரே களம், ஒரே அளவுகோல். டென்மார்க், ஜெர்மனி, நார்வே, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து ஆளுக்கொருவராக நான்கு பெண்கள் ஆண்களோடு போட்டியிட்டனர். டென்மார்க்கின் சார்பில் களம் புகுந்தவர், 31 வயதான லிஸ் ஹார்டெல்.

ஜூபிலி களத்தில் நுழைந்தது. கதி மாற வேண்டிய இடத்தில் மாறியது. நின்ற இடத்தில் தாளம் தவறாமல் துள்ளியது. வளைய வேண்டிய இடத்தில் வளைந்தது. ஏறியிருப்பவரின் ஆணை கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதே இக்கலையின் இலக்கணம் அல்லவா? கால்களால் ஆணையிட இயலாத அவரிடம் அவ்விலக்கணம் இயல்பாகவே அமைந்திருந்தது. நோய் ஏற்படுத்திய குறையைத் தம் கலையின் அழகாக மாற்றியிருந்தார் அவர்.

முடிவுகள் வெளிவந்தன. சுவீடனின் ஹென்றி செயின்ட் சிர் 561 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். லிஸ் ஹார்டெல் 541.5 புள்ளிகளுடன் வெள்ளி வென்றார். பிரான்சின் ஆந்திரே ஜூசோம் 541 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே அரைப் புள்ளியே வேறுபாடு. குதிரையேற்றத்தில் ஒலிம்பிக் தனிநபர் பதக்கம் வென்ற முதல் பெண் என்ற பெருமை லிஸ் ஹார்டெலுக்கு உரியதாயிற்று.

சேணத்தில் அமர்ந்திருந்தபோது பார்ப்பவர்க்குப் புலப்படாத உண்மை, பரிசளிப்பின்போது புலப்பட்டது. குதிரையிலிருந்து அவரைப் பிறர் தாங்கி இறக்க வேண்டியிருந்தது. வெற்றி மேடையின் படியில் அவரால் தாமாக ஏற இயலவில்லை. தங்கம் வென்ற செயின்ட் சிர் தாமே முன்வந்து அவரைத் தாங்கி மேடையேற உதவினார். வென்றவர், தம்மோடு போட்டியிட்டவரைக் கைதாங்கி ஏற்றிய அக்காட்சி, ஒலிம்பிக் வரலாற்றில் நெகிழ்ச்சியோடு நினைக்கப்படும் காட்சிகளுள் ஒன்றாக நிலைத்துவிட்டது.

அதே ஆண்டில் அவருடைய நாட்டின் தலைநகரம் பெருந்துயர் ஒன்றைச் சந்தித்தது. கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளர்களுக்கு, நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் தம் கைகளாலேயே காற்றுப் பையை அழுத்தி உயிர்மூச்சளித்தனர். பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர் வகுத்த அம்முறையே, இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அந்நோயின் கொடுமையை நேரில் கண்ட மக்களுக்கு, அதே நோயால் தாக்கப்பட்டும் உலக மேடையேறிய ஒரு பெண்ணின் வெற்றி எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நம்மால் உணர முடிகிறது.

மீண்டும் வெள்ளி

1956ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடைபெற்றன. வெளிநாட்டு விலங்குகளை நாட்டுக்குள் விடுவதில் ஆஸ்திரேலியச் சட்டங்கள் மிகக் கடுமையாக இருந்தன. எனவே, குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் தனியே நடத்தப்பட்டன. லிஸ் ஹார்டெலும் ஜூபிலியும் மீண்டும் களம் கண்டனர். இம்முறையும் செயின்ட் சிர் தங்கம் வென்றார். அவர் பெற்றவை 860 புள்ளிகள்; லிஸ் ஹார்டெல் பெற்றவை 850 புள்ளிகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் 19.5 புள்ளிகளாக இருந்த இடைவெளி, இப்போது 10 புள்ளிகளாகக் குறைந்திருந்தது. ஜெர்மனியின் லிசலோட் லின்சன்ஹாஃப் வெண்கலம் பெற்றார். வெற்றி மேடையில் நின்ற மூவரில் இருவர் பெண்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு பெண்களுக்கு இடமே தராத விளையாட்டில் நிகழ்ந்த மாற்றம் இது.

அப்போட்டியின் நடுவர்கள் சிலர் தத்தம் நாட்டு வீரர்களையே முன்வரிசையில் வைத்து மதிப்பிட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சுவீடன், ஜெர்மனி நாடுகளின் நடுவர்கள் பின்னர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். நடுநிலை தவறாத தீர்ப்பு அமைந்திருந்தால் யார் முதலிடம் பெற்றிருப்பார் என்ற கேள்வி இன்று விடை காண இயலாதது. லிஸ் ஹார்டெலின் வாழ்வில் ஒலிம்பிக் தங்கம் இறுதிவரை கிட்டவில்லை. இரு முறையும் அவர் இரண்டாம் இடத்தில்தான் நின்றார். ஆனால், அவரை நினைவில் வைத்திருக்கும் உலகம், வெள்ளியைத் தங்கத்தின் குறையாகக் கருதவில்லை.

பிறர் வாழ்வில் ஒளி

டென்மார்க்கின் தேசிய வாகையர் பட்டத்தை நோயுறுமுன் இரு முறை வென்றிருந்த லிஸ் ஹார்டெல், நோயுற்றபின்னும் பலமுறை அதனை வென்றார். போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றபின் பயிற்சியாளராக இளைய தலைமுறையினரை உருவாக்கினார். குதிரையேற்றச் செயல்விளக்கங்கள் நிகழ்த்திப் போலியோ நோயாளர்களின் நலனுக்காகப் பொருள் திரட்ட உதவினார்.

அவருடைய வெற்றி மருத்துவ உலகிலும் எதிரொலித்தது. குதிரை நடக்கும்போது அதன் முதுகில் அமர்ந்திருப்பவரின் இடுப்பு, மனிதர் நடக்கும்போது அசைவதைப் போலவே முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைகிறது. நடக்க இயலாதவரும் குதிரையின் மீது அமர்ந்தால், நடையின் தாளத்தை அவருடைய உடல் உணர்கிறது. முதுகுத் தசைகள் நிலைகாக்கப் பழகுகின்றன. உடற்குறையுடையோருக்குக் குதிரையேற்றத்தை ஒரு சிகிச்சையாக அளிக்கும் முறை ஐரோப்பாவில் பரவ லிஸ் ஹார்டெலின் வாழ்க்கை பெருந்தூண்டுகோலாக அமைந்தது. நெதர்லாந்தில் அவர் பெயரால் அறக்கட்டளையும் நிறுவப்பட்டது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டியில் குதிரையேற்றமும் சேர்க்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், தம் 87ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஸ்டாக்ஹோம் மேடையில் அவரருகே வெண்கலம் பெற்று நின்ற லிசலோட் லின்சன்ஹாஃப், 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் தனிநபர் தங்கத்தை வென்ற முதல் பெண்மணி ஆனார். முன்சென்றவர் திறந்த வழியில் பின்வந்தவர் இலக்கை அடைந்தார். 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் டிரஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. அந்த நால்வர் அணியில் இருவர் பெண்கள்.

லிஸ் ஹார்டெலை முடக்கிய நோய் இன்று நம் நாட்டில் இல்லை. 2011ஆம் ஆண்டு ஜனவரிக்குப்பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ நுண்கிருமியால் எவரும் பாதிக்கப்படவில்லை. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. ஊர்தோறும் முகாம் அமைத்துச் சொட்டு மருந்து அளித்த பணியாளர்களின் உழைப்பு அச்சான்றின் பின்னே உள்ளது. ஆயினும், விபத்தும் நோயும் வேறு வடிவங்களில் மனிதரைத் தாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. சேர்வராயன் மலை அமைந்துள்ள அதே சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் விபத்தில் வலக்கால் சிதையப் பெற்றவர். 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்ற அவர், அடுத்த இரு பாராலிம்பிக்கிலும் பதக்கம் வென்றார்.

காலத்தாலும் நாட்டாலும் வேறுபட்ட இவ்விருவரும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. நேர்வழி அடைபட்ட இடத்தில் முட்டிமோதி நிற்பதும், முயற்சியைக் கைவிட்டுத் திரும்புவதும் மட்டுமே வழிகள் அல்ல. நம்மிடம் எஞ்சியிருப்பது யாது என்று அமைதியாக எண்ணிப் பார்த்து, அதற்கேற்ற வேறொரு வழியை வகுத்துக்கொள்ளவும் முடியும். அவ்வழி நீண்டதாக இருக்கலாம். பிறர் கைகளின் துணையும் அதற்குத் தேவைப்படலாம். தாய், கணவர், பயிற்சியாளர், தாங்கி ஏற்றிய போட்டியாளர், முதுகில் சுமந்த குதிரை என இத்தனை பேரின் துணையைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டதும் லிஸ் ஹார்டெலின் வலிமைகளுள் ஒன்றாகும்.

கற்பவை கற்றபின்

1. தடைகளை மீறி வெற்றி பெற்ற உங்கள் பகுதியைச் சேர்ந்த ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைத் திரட்டி, வகுப்பறையில் ஐந்து நிமிடம் உரையாற்றுக.

2. விளையாட்டில் நடுவர்களின் நடுநிலை என்னும் பொருளில் குழுவாகக் கலந்துரையாடி, முடிவுகளைத் தொகுத்து எழுதுக.

3. மாற்றுத்திறனாளிகள் எளிதாகப் பயன்படுத்தும் வகையில் உங்கள் பள்ளி வளாகத்தில் செய்ய வேண்டிய மாற்றங்களைப் பட்டியலிட்டுத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் வரைக.